பக்கத்து மரத்துக் கேமரா

"ரெண்டு பெட்டை மான், ஒரு முள்ளம்பன்றி. அவ்ளோதான்," என்று மார்னி தன் கேமராப் பெட்டியை மூடினாள்.

எல்டன் மூடிய பெட்டியையே பார்த்தான். அவ்வளவுதானா? அப்படியானால் தன் படம் எங்கே?

புதன்கிழமை சாயங்காலம், கொட்டும் மழையில், இந்த மேப்பிள் மரத்தடியில்தான் அவன் சேற்றில் மண்டியிட்டான். ஒரு கையில் மோதிரம், இன்னொரு கையில் அட்டை. அட்டையில் கொட்டை எழுத்தில், 'மார்னி, என்னைக் கட்டிக்கிறியா?'

நேரில் கேட்க அவனுக்கு வாய் வராது. வேட்டைக் காலத்துக்கு முன் மான் நடமாட்டம் பார்க்க அவள் பாதையோர மரத்தில் கட்டி வைத்திருக்கும் கேமராவோ, எதிரே எது அசைந்தாலும் படம் எடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாள், மான்களுக்கு நடுவே அவனையும் பார்ப்பாள், சிரிப்பாள். அதற்கப்புறம் பேசுவது சுலபம். திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான்.

கண்ணைத் திருப்பினான். பக்கத்து மேப்பிளில், அதே காக்கி நிறத்தில், இன்னொரு பெட்டி.

மழையிலும் இருட்டிலும் யார் முன்னால் மண்டியிட்டோம் என்பது இப்போதுதான் விளங்கியது. முன்பின் தெரியாத ஒரு வேட்டைக்காரனிடம் கல்யாணம் பேசிவிட்டு வந்திருக்கிறான். அதோடு விட்டானா? எழுந்து நின்று ஒரு ஆட்டம் வேறு போட்டான்.

இது அரசாங்கக் காடு. யாரும் வரலாம், யாரும் கேமரா கட்டலாம். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. கொக்கியைத் தள்ளினால் திறந்துகொள்ளும்.

ஆனால் அடுத்தவர் பெட்டியில் கை வைக்கக் கூடாது. அதன் முன்னால் போக நேர்ந்தால் கையைத் தூக்கி ஒரு வணக்கம் வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அதுதான் இந்தப் பக்கத்து மரியாதை. சொந்தக்காரர் பெயர்கூடப் பெட்டியின் முதுகில்தான் இருக்கும். படிக்க வேண்டுமென்றாலும் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

மார்னி இதில் ரொம்பக் கறார். முன்பு பழகியவனை அவள் கைகழுவியதே, அவன் யாருடைய பெட்டியையோ திறந்து மான் படம் பார்த்தான் என்பதற்காகத்தான்.

பெட்டிக்குள் இருக்கும் மெமரி கார்டை எடுத்துப் படத்தை அழித்தால் மானம் தப்பும். ஆனால் மார்னி கையை விட்டுப் போய்விடுவாள்.

அழிக்காமல் விட்டால்? சின்ன ஊர். பெட்டிக்குச் சொந்தக்காரன் படத்தை மதுக்கடையில் சுற்றுக்கு விடுவான். அது மார்னியின் அப்பா ரூடி கொஸ்கியின் கண்ணில் படும். அந்த மனிதர் ஏற்கெனவே இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இரண்டு வருடமாக 'அந்த டவுன்காரன்'தான். ஆட்டத்தையும் பார்த்துவிட்டால் பெண் கொடுத்த மாதிரிதான்.

"யாரோடதோ தெரியல. தெறந்து பாத்துரலாமா?" என்றாள் மார்னி. முகத்தில் பால் வடிந்தது.

எல்டனின் ஒரு கை சட்டைப் பைக்குள் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்றக் கை தானாக எழுந்தது. கொக்கிக்கு நேராகப் போயிற்று, தயங்கிற்று, இன்னும் கொஞ்சம் மேலே போய் அந்தப் பெட்டிக்கு ஒரு வணக்கம் வைத்தது.

"வேணாம், அடுத்தவன் பொருள்," என்றான். "அதுல இருக்கறத நான் வாயாலயே சொல்லிடறேன். மார்னி, என்னைக் கட்..."

மார்னி வெடித்துச் சிரித்தாள். நிற்க முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடப்பாவி! புதன்கிழமையே பாத்துட்டேன்டா. அது எங்கப்பா கேமரா!"

பெட்டியின் தலையில் சுண்டுவிரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது சுள்ளி இல்லை, ஆன்டெனா. எடுத்த படத்தை அந்த நிமிடமே போனுக்கு அனுப்பும் ரகம். இந்த மேட்டில் சிக்னலுக்கும் குறைவில்லை. கொஸ்கி வீட்டில் எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது ரூடியின் போன் சத்தம் போட்டிருக்கிறது.

இதில் ஒரு சங்கதி உண்டு. ஒருவர் கண்டுபிடித்து வைத்த இடத்தில் இன்னொருவர் ஓசைப்படாமல் கேமரா கட்டுவது இங்கே பெரிய அசிங்கம். சொந்த மகளின் இடம் என்றால் கேட்கவே வேண்டாம். "அந்தப் பெட்டி உங்களோடதா?" என்று மார்னி பலமுறை கேட்டிருக்கிறாள். ரூடி சத்தியம் பண்ணாத குறையாக மறுத்திருக்கிறார்.

படத்தைக் காட்டினால் அவர் குட்டு உடையும். அழித்துவிட்டால் டவுன்காரன் கேட்டதே யாருக்கும் தெரியாது.

ரூடி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பிறகு போனை மேசைக்குக் குறுக்கே மகளிடம் தள்ளியிருக்கிறார்.

"அவரே அவ்ளோ நேர்மையா இருந்தாரே, நீ எப்படின்னு பாக்க வேணாமா? அதான் இன்னிக்கு வரைக்கும் வாயத் தெறக்கல," என்று சொல்லி மார்னி கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினாள்.

குளிரில் வீங்கிய விரலில் மோதிரம் கணுவைத் தாண்டப் பெரும் பாடு பட்டது.

இருவரும் பெட்டியின் முன்னால் வந்து நின்றார்கள். முறைப்படி கையைத் தூக்கினார்கள். அவள் கையில் மோதிரம் மின்னியது.

கொஞ்ச நேரத்தில் மார்னியின் இடுப்பில் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தாள். அவனிடம் நீட்டினாள்.

ரூடிதான் எழுதியிருந்தார்.

'மாப்பிள்ளையைத் தொப்பியைக் கழட்டிட்டு நிக்கச் சொல்லு. மூஞ்சி தெரியல.'