அப்பா வேஷம்

விக்னேஸ்வரன் யாழினியின் காதைத் திருகியபோது புனிதா டீச்சருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அதுவும் ஈப்போவிலிருந்து வந்த கல்வி அதிகாரிகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில்.

செமோர் பக்கத்துத் தோட்டப் பள்ளி அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் பள்ளிக்குத் தோட்டத்துப் பெயர்தான். அங்கே நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாரா வாரம் மரியாதைப் பாடம் நடத்துகிறார் புனிதா. ஆணும் பெண்ணும் சமம், வீட்டில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. இதைச் சின்ன வயதிலேயே மனதில் போட்டுவிட்டால் நாளைக்குப் பெண்டாட்டியை அடிக்கிற புருஷனே இருக்க மாட்டான் என்பது அவர் நம்பிக்கை.

இன்றைய பாடம் அதிகாரிகளுக்குப் பிடித்துவிட்டால் பேராக் மாநிலம் முழுக்க எல்லாத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் போகும். எடுத்து நடத்தப் போவது புனிதாதான்.

பாடம் என்றால் ஒரு குட்டி நாடகம். விக்னேஸ்வரன் அப்பா, யாழினி அம்மா. அம்மா கைதவறித் தேத்தண்ணியைக் கொட்டிவிடுவாள். அப்பா, "பரவால்ல, ரெண்டு பேருமா தொடைச்சிரலாம்" என்று துணியை எடுக்க வேண்டும்.

யாழினி ஒழுங்காகத்தான் கொட்டினாள். பையன் திருதிருவென்று விழித்தான். பிறகு ஒற்றை விரலால் மூக்கை மேலே தள்ளிக்கொண்டு அவள் காதைப் பிடித்தான்.

"ஒரு தடவ சொன்னா மண்டையில ஏறாதா? நீ என்ன கழுதையா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதிகாரிகள் சிரிக்கவில்லை.

"வீட்டுல பாக்கிறதத்தானே பிள்ள செய்யும்," என்றார் அவர்களில் மூத்தவர். "இவன் அப்பாவ கூப்பிடுங்க. நாங்க இருக்கும்போதே பேசிடலாம்."

அப்பா தர்மா, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வாட்டசாட்டமான ஆள், கை நிறையப் பச்சை குத்தியிருந்தார். அவர் லோரியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கும்போதே ஆசிரியர் அறையில் தீர்ப்பு முடிந்துவிட்டது. இந்தக் கைக்கு ஒரு பொம்பளை எப்படித் தாங்குவாள் என்று உச்சுக் கொட்டினார்கள். புனிதாவுக்கும் முகம் தெரியாத அந்த மனைவியை நினைத்துப் பாவமாக இருந்தது.

தாழ்வாரத்தில் விக்னேஸ்வரனும் யாழினியும் காத்திருந்தார்கள். தர்மா குனிந்து மகனிடம் என்னவோ கேட்டார். பையன் மூக்கைத் தள்ளி, கையைத் தூக்கிச் செய்துகாட்டினான். தர்மா நிமிர்ந்து, ஜன்னல் வழியாகப் புனிதாவை ஒரு பார்வை பார்த்தார்.

செய்ததையும் செய்துவிட்டு முறைப்பு வேறு என்று புனிதாவுக்கு எரிச்சல் வந்தது.

தலைமையாசிரியர் சதாசிவம் தர்மாவை எதிரே உட்காரவைத்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அதிகாரிகள் இருந்ததால் குரல் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

"அறையிறது, குட்டுறது, காதத் திருகுறது, எல்லாம் ஒன்னுதான் தம்பி. கழுதன்னு திட்டுறதும் அடிதான். நீங்க சம்சாரத்துக்குச் செய்யிறத நாளைக்கு இவன் அவன் சம்சாரத்துக்குச் செய்வான்."

புனிதா தலையாட்டினார். அவர் பாடத்தில் வருகிற வாசகமே அதுதான்.

தர்மா கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பாவின் கை அவன் தோளில் விழுந்தது. அவன் அடங்கிவிட்டான். அதிகாரிகள் அந்தக் கையையும் கவனித்தார்கள்.

வீட்டில் அடி உண்டா இல்லையா என்று மூத்தவர் நேராகவே கேட்டார்.

தர்மா மகன் தோளிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"பிள்ள எங்க பாத்துச்சோ சார், தப்பு பெரியவங்க மேலதான். இனிமே நடக்காது. ஆனா இந்தப் பாடத்த மட்டும் நிப்பாட்டிராதீங்க. ஸ்கூலுன்னாலே அழுதுக்கிட்டு கெடந்த பய சார் இவன். இப்ப டீச்சர் கிளாசுன்னா எனக்கு முன்னாடி கெளம்பி நிக்கிறான்லா."

அதிகாரிகள் இளகிப்போனார்கள். ஒரு தகப்பன் இப்படித் தப்பை ஒத்துக்கொள்வதே பாடத்துக்குக் கிடைத்த வெற்றி என்றார் மூத்தவர். பேராக் முழுக்க நடத்திவிடலாம் என்று புனிதாவின் கையைக் குலுக்கினார்கள்.

தர்மா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் லோரியில் ஏறிப் போனார்.

புனிதா சந்தோஷமாக வகுப்புக்குத் திரும்பினார். விக்னேஸ்வரன் மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தான். யாழினியைத் தனியாகக் கூப்பிட்டு, காது இன்னும் வலிக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றாள்.

"அப்புறம் ஏன்மா எல்லாரும் அப்படிச் சிரிச்சீங்க? அவன் அப்பா அம்மாவ அடிக்கிறது சிரிக்கிற விசயமா?"

யாழினி புரியாமல் விழித்தாள்.

"அவங்கப்பா அடிக்க மாட்டாரு டீச்சர். விக்கி வசனத்த மறந்துட்டான். அதான் நீங்க எங்கள ஏசுற மாதிரியே செஞ்சான்."

கண்ணாடியை மேலே தள்ளப் போன புனிதாவின் விரல் மூக்கருகே நின்றுவிட்டது.

"அவங்கப்பா கேட்டப்பவும் அதத்தான் சொன்னான்," என்றாள் யாழினி. "பெரியவங்க முன்னால டீச்சர் பேரு கெட்டுப்போயிரும், உள்ள வந்து வாயத் தொறக்காதன்னு அவருதான் சொன்னாரு."