இரண்டு பகடையில் விழுந்த ஒன்று

என் உயிர் இரண்டே புள்ளியில் நின்றது.

எனக்கு மகிழ்ச்சிதான். பதினோரு வருடமாக இந்த ஆட்டத்தில் நான் ஆடிவரும் வாள்வீரன் இன்றைக்காவது சாக வேண்டும். அவன் செத்தால்தான் எனக்கு விடுதலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிரைவிங் பள்ளியின் வகுப்பறை. சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள். நாற்பதைத் தாண்டிய நாலு பேர் ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு காட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அவரவர் பாத்திரத்தின் பலம், ஆயுதம், மிச்சமிருக்கும் உயிர் எல்லாம் தாளில் பென்சிலால் எழுதியிருக்கும். உயிர் என்ற கட்டத்தை அழித்து அழித்து எழுதியதில் என் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. பின்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆட்டத்தை நடத்துபவரை நாங்கள் கதைக்காரர் என்போம். காடு, மழை, பேய், எதிரி எல்லாம் அவர் பொறுப்பு. ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் எங்கள் கண்ணில் படாமல் பகடை உருட்டுவார். அவர் சொல்கிற எண்தான் எண்.

ஆரம்பத்தில் விளையாட்டாக ஒரு சட்டம் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். தன் பாத்திரம் சாகாமல் யாரும் மேசையை விட்டு விலகக் கூடாது.

இரண்டு வருடமாக நான் அந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டுகிறேன்.

வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஊரார் இரத்தத்தை உற்றுப் பார்த்தே கண் பூத்துவிடுகிறது. ஏழாவது நாளாவது படுத்துக் கிடக்கலாம் என்றால் இது. பிடிக்கவில்லை என்றால் போகாமல் இருக்க வேண்டியதுதானே என்று என் மனைவி கேட்காத வாரம் இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பேன். அவள் ஒரு மாதிரி பார்ப்பாள்.

அதனால் வாள்வீரனைச் சாகவிடப் பார்த்தேன். மலையிலிருந்து குதிக்க வைத்தேன். விஷம் என்று தெரிந்தே குடிக்க வைத்தேன். ஒவ்வொரு முறையும் தடுப்புக்குப் பின்னால் பகடை உருளும். மயிரிழையில் தப்பினாய் என்பார் கதைக்காரர்.

இன்று கேடயத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓநாய்க் குகைக்குள் தனியாக நுழைந்தேன்.

எங்கள் நால்வரில் ஒருத்தியான பல் டாக்டர் அதைக் கவனிக்கவே இல்லை. வேறோர் ஆட்டத்துக்காகப் புதிதாக வாங்கிய விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முந்நூறு பக்கம், முழுக்கக் கடலுலகம். இந்தக் காட்டை மூட்டை கட்டிவிட்டு அங்கே போகலாம், புதுப் பாத்திரம், புதுத் தாள் என்று மூன்று வாரமாக நச்சரிக்கிறாள். நடுக்கடலில் என் கோடாலியை வைத்துக்கொண்டு நான் விறகா வெட்டுவது என்று முறைத்தார் டிரைவிங் மாஸ்டர்.

இந்தக் காட்டின் வரைபடம் கதைக்காரர் தன் கையால் வரைந்தது. எந்த ஆற்றுக்கு எத்தனை கிளை என்பதுவரை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கும் களைப்புதான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, முட்டி இரண்டும் போய்விட்டன. நாற்காலியில் உட்காரும்போதே முனகுகிறார்.

ஓநாய் பாய்ந்தது. கடித்தும் விட்டது.

ஓநாய்க் கடிக்கு எட்டுமுகப் பகடை இரண்டு. இரண்டையும் உருட்டி, கூட்டி வருகிற எண்ணை என் உயிரில் கழிக்க வேண்டும். எனக்கு இருப்பதே இரண்டு. எப்படி உருண்டாலும் நான் காலி. தாளை மடிக்கத் தொடங்கினேன்.

பகடைகள் உருண்டு நின்றன. கதைக்காரர் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"ஒண்ணு," என்றார்.

பல் டாக்டர் கடலிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ரெண்டு பகடையில எப்படிங்க ஒண்ணு விழும்?" என்றார் டிரைவிங் மாஸ்டர், சிவப்பு விளக்கில் வண்டியை விட்டவரிடம் கேட்பதுபோல, மெதுவாக.

பதினோரு வருடத்தில் கதைக்காரர் இப்படி ஒரு தப்புச் செய்ததில்லை. பாவம், பொய் சொல்லவும் அவருக்கு எண் மிச்சமில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் மலை, விஷம், எல்லாமே பொய் உருட்டல். எட்டித் தடுப்பைச் சாய்த்தேன். எட்டும் ஏழும் கிடந்தன. பதினைந்து. ஏழு பேர் சாகப் போதும்.

சட்டப்படி நான் போகலாம். எழுந்துவிட்டேன்.

கதைக்காரர் பகடைகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ செத்துட்டா, அப்புறம் என்கிட்ட எப்படிடா பேசுவ?"

மற்ற இருவரும் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்கள். அவர்களுக்குத் தெரியும்.

கதைக்காரர் என் கூடப்பிறந்த அண்ணன். அம்மாவைக் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா என்று இருவரும் வார்த்தையை விட்டு, பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது. அவர் கீழ்வீடு, நான் மாடி. படியில் எதிர்ப்பட்டால் யாராவது ஒருவர் சுவரோரம் ஒதுங்குவோம். இந்த மேசையில் மட்டும் அவர் என்னிடம் மழை பெய்கிறது என்பார். நான் அவரிடம் நனைகிறேன் என்பேன்.

உட்கார்ந்தேன். அவர் சொன்ன ஒன்றையே கழித்து எழுதினேன்.

இன்றும் இருவரும் வந்தது ஒரே பஸ்ஸில்தான். அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி சீட்டில், வழியெல்லாம் அவருடைய நரைத்த பின்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.