நாலாவது பாட்டில்

மத்லுபா டீக் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"விஷம் எதுவும் கலக்கலை ஓபா," என்றார் எர்காஷ், மரியாதைக்கு அக்கா முறை வைத்து. "கலக்கணும்னா நேத்தே கலந்திருப்பேன். நேத்துதானே என் முற்றத்தைத் துளை துளையாப் போட்டீங்க."

மர்கிலான் நகரச் சந்தைக்குப் பின்னால் முப்பது வருஷமாக அவர் உலர்சலவைக் கடை நடத்துகிறார். பட்டு அங்கியில் சிந்திய புலாவ் எண்ணெயை எடுக்க ஊரில் வேறு ஆள் கிடையாது. கறை எடுக்கும் அந்தத் திரவம் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுற்றுச்சூழல் அலுவலகத்தில் இந்த வேலையை மத்லுபா கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

காரணம், கடையை ஒட்டிய சந்தில் இருந்தது. அவளுடைய ஒரே மகள் செவாரா வாழ்க்கைப்பட்ட வீடு அது. முதல் கரு நாலாம் மாதம் கலைந்தது. அன்றைக்கே சந்துப் பம்புத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று மகளுக்கு உத்தரவு போட்டாள் மத்லுபா. மறுநாளிலிருந்து மத்லுபா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கேனில் மகளுக்குப் போக ஆரம்பித்தது.

அதன் பிறகும் இரண்டாவது தங்கவில்லை. மண்ணில் ஊறிய விஷம் மூச்சுக் காற்றிலும் ஏறுகிறது என்று மத்லுபா முடிவே கட்டிவிட்டாள். இப்போது மூன்றாவது, ஐந்தாம் மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் செவாரா நடக்கிறாள்.

எர்காஷ் மறுபடி கெட்டிலை எடுத்தார். முதலில் மரியாதைக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றியவர், இந்த முறை விளிம்பு வரை நிரப்பினார். எழுந்து போ என்பதை இந்த ஊரில் வாயால் சொல்ல வேண்டியதில்லை, நிரம்பிய கிண்ணமே சொல்லிவிடும்.

அவள் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து தன் பிளாஸ்க்கை எடுத்து, காலிக் கிண்ணம் ஒன்றில் கொஞ்சம் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். நல்ல தண்ணீரில் போட்ட டீ எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும்.

எர்காஷ் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை தூக்கலா இருக்கே," என்றார்.

"சர்க்கரையே போடலை அகா," என்றாள் அவளும் அண்ணன் முறை வைத்து. "எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியே அப்படித்தான் இனிக்கும்."

மேட்டுப் பக்கம், பழைய ராணுவ கராஜ் இருந்த நிலத்தில் அவள் கணவர் கட்டிய வீடு. அந்தத் தண்ணீருக்காகவே உறவுக்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் டீ குடிக்க வருவார்கள்.

முற்றத்துத் துளைகள் மூன்றிலும் நீர் எடுத்து மூன்று பாட்டில்களில் நிரப்பி, தன் கையாலேயே அரக்கு வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, மேட்டுப் பக்கத்துச் சுத்தமான நீர் ஒன்றும் விதிப்படி வேண்டும். அந்த நாலாவது பாட்டிலைக் காலையிலேயே வீட்டில் நிரப்பி, அரக்கு வைத்து, ஜீப்பில் வைத்திருந்தாள். எந்தத் தளத்துக்குப் போனாலும் அவளுக்கு அதே பழக்கம்தான். வேண்டிய அளவுக்குச் சுத்தம் என்று ஒருநாளும் அதை முழுதாகச் சோதிக்கச் சொன்னதில்லை. இந்த முறைதான், எர்காஷ் தப்பிக்க ஒரு ஓட்டையும் விடக் கூடாது என்று நாலையும் முழுச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தாள்.

"என் கடையை மூடிட்டா உங்க பொண்ணுக்குக் குழந்தை நிக்குமா ஓபா?" என்று வாசலில் கேட்டார் எர்காஷ். குரலில் கேலி இல்லை.

"நிக்கும்," என்றாள் மத்லுபா.

பத்து நாள் கழித்து அவள் பரிசோதனைக் கூடத்துக்குப் போனபோது, கடையைச் சீல் வைக்கும் உத்தரவு கைப்பையில் தயாராக இருந்தது. தேதி மட்டும்தான் எழுத வேண்டும். மகளுக்கான கேன் ஜீப்பின் பின்சீட்டில் இருந்தது.

ரசாயன நிபுணன் ஷவ்கத் காகிதத்தைத் திருப்பி வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, எதிலும் எதுவும் இல்லை. கிழவர் திரவத்தைச் சொட்டு விடாமல் பீப்பாயில் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்றான். மண்ணும் சுத்தம், தண்ணீரும் சுத்தம்.

மத்லுபா நம்பவில்லை. மறுபடி பார்க்கச் சொன்னாள். மூன்று தரம் பார்த்தாயிற்று என்றான் அவன்.

"நாலாவதுதான் எனக்குப் புரியலை ஓபா. லாரி எஞ்சின் கழுவுற திரவம் எக்கச்சக்கமா இருக்கு. அளவுக்கு மேல அறுபது மடங்கு. மண்ணுல இறங்கி நாப்பது வருஷமாவது ஆகியிருக்கும். பாட்டில் எதுவும் மாறிப்போச்சா?"

அவள் பாட்டில் கழுத்தில் ஒட்டியிருந்த அரக்கைப் பார்த்தாள். அவள் முத்திரைதான். பாட்டில் லேபிளில் இருந்ததும் அவள் கையெழுத்துதான். நாற்காலியின் விளிம்பைத் தடவிப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

ஷவ்கத் பேனாவைத் திறந்துகொண்டு, அது எந்தக் கிணறு, அந்தத் தண்ணீரை யாராவது குடிக்கிறார்களா என்று கேட்டான்.

மத்லுபா ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தாள்.

"என் பொண்ணு குடிக்கிறா. தினமும் நான்தான் கொண்டுபோய்க் குடுக்கிறேன்."