கோத்தால் திறக்கும்

ஒரு சர்ரியலிச ஓவியர் தன் புத்தகத்தை இரண்டே பிரதிகள்தான் செய்திருந்தார். ஒவ்வொன்றின் அட்டையிலிருந்தும் தோலால் தைத்த ஒரு கை நீண்டிருக்கும். இரண்டு கைகளும் கோத்துக்கொண்டால்தான் பூட்டுகள் திறக்கும். ஒன்று தேவசகாயத்திடம் இருந்தது. மற்றது, ஏலத்தில் அவரோடு மல்லுக்கு நின்று ஜென்மப் பகையாகிவிட்ட பொன்னம்பலத்திடம். உள்ளே என்ன இருக்கிறதென்று இருவரும் பார்த்ததில்லை. தேவசகாயத்துக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. முழுசாகப் போவதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று பல்லைக் கடித்துக்கொண்டு பொன்னம்பலத்தை வீட்டுக்கு அழைத்தார். மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, தத்தம் பிரதியை இறுகப் பிடித்தபடியே கைகளை நெருக்கினார்கள். கோக்கவில்லை.

“என்னய்யா, பீச்சாங்கைய நீட்டுற?”

“என்னுது செஞ்சதே இடது கையாத்தான். உன் கண்ணுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்.”

அப்போதுதான் தேவசகாயத்துக்கு உறைத்தது. அவை எதிரெதிரே குலுக்கும் கைகள் அல்ல. அருகருகே நடந்துபோகிறவர்களின் கைகள்.

“எந்திரிச்சு இந்தப் பக்கம் வா.”

“ஏன், நீ வாயேன். வழி தெரியலன்னா கையப் புடிச்சுக் கூட்டியாரேன்.”

தேவசகாயம் பக்கத்து நாற்காலியைக் காலால் ஓங்கித் தள்ளினார். உட்காரச் சொன்னாரா, வெளியே போகச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை. எதிரே மங்கலாக ஓர் உருவம் புத்தகத்தோடு எழுந்தது.