ஜாஃபர் சுட்டால் தெரிந்துவிடும்

"ஸ்கோப் நாபை வலது பக்கம் நாலு கிளிக் திருப்பியாச்சு. இப்ப சுடு, ரஞ்சி."

மனோரஞ்சிதம் மூச்சை அடக்கி விசையை இழுத்தாள். ஏர் ரைஃபிள் 'டப்' என்றது.

கணவன் வசீகரன் பக்கத்திலிருந்த திரையைப் பார்த்தான். குண்டு எங்கே பட்டதென்று சொல்வது அவன் வேலை. "அதே எடம்தான். இடது பக்கம், கீழே."

"நகரவே இல்லையா?"

"இல்ல."

மறுபடி நாலு கிளிக். இந்த முறை குண்டு ஒரேயடியாக வலது ஓரத்துக்குத் தாவியது. அடுத்தது, எதையும் திருப்பாமலே மேலே ஏறிப் போனது.

மூன்று வாரமாக இதே கதை. சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் இந்தத் துப்பாக்கி கிளப்புக்கு வருவார்கள். காலை முழுக்கக் குறிவைக்கும் ஸ்கோப்பைத் திருத்துவதிலேயே போகும். வேறு டப்பா குண்டு வாங்கிப் போட்டாயிற்று. மேசையில் மணல் மூட்டை வைத்து ரைஃபிளைச் சாய்த்தும் ஆயிற்று. அடுத்த வாரம் அணித் தேர்வு.

"குறியை நடுவுலதானே நிறுத்துற?"

"நடுவுலதான் நிறுத்துறேன், சத்தியமா." சொல்லும்போதே அவள் குரல் உள்ளே போனது.

பயிற்சியாளர் ஜாஃபர் வந்து நின்றான். "அக்கா, நான் ஒரு அஞ்சு ரவுண்டு சுட்டுப் பாக்கட்டுமா? எனக்கும் சிதறுனா ஸ்கோப்புல கோளாறு. எனக்கு ஒரே எடத்துல விழுந்துச்சுன்னா ஸ்கோப் ஓகே."

"வேணாம், ஜாஃபர்."

"ஏன்க்கா? ரொம்ப ஈசி லா. போன வாரமே சொன்னேன்."

"இன்னும் ரெண்டு கிளிக் திருப்பிப் பாக்கலாம்."

ஜாஃபர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போனான். வசீகரன் குனிந்து அவள் காதருகே கேட்டான்.

"எதுக்கு அவரைத் தடுக்கிற?"

அவள் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு என் வயசுலதான் கை நடுக்கம் ஆரம்பிச்சுது. மொதல்ல டீயைச் சிந்துனாங்க. அப்புறம் சட்டை பட்டன் போட முடியல. கடைசியில சோத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோகக்கூட முடியல... இன்னிக்குக் காலையில தேக்கா மார்க்கெட்டுல நானும் டீயைச் சிந்துனேன்."

"அந்தக் கடைக்காரரு வழிய வழிய ஊத்திக் குடுத்தாரு! யார் தூக்குனாலும் சிந்தும்."

"ஜாஃபர் சுட்டா தெரிஞ்சிடும்ங்க. அவர் குண்டெல்லாம் ஒரே எடத்துல விழுந்துச்சுன்னா ஆடுறது என் கைதான். அது எனக்குத் தெரியவே வேணாம்."

அணியில் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்றுதான் அவள் தவிக்கிறாள் என இத்தனை நாளும் வசீகரன் நினைத்திருந்தான்.

"தெரிஞ்சா டாக்டர்கிட்ட போவோம். நானும் வர்றேன்," என்றான் மெதுவாக. "தெரியாமதான் நீ மூணு வாரமா தூங்காம கெடக்கிற."

இந்த முறை அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. அவன் ஜாஃபரைக் கூப்பிட்டான்.

ஜாஃபர் உட்கார்ந்து, அவளுடைய ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டான். மனோரஞ்சிதம் பின்னால் நின்று வசீகரனின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

டப்.

"இடது, கீழே," என்றான் வசீகரன்.

டப்.

"அதுவும்... அதே எடம்."

அவள் நகம் அவன் தோலில் பதிந்தது. தெரிந்துவிட்டது. அம்மாவின் கை அவளுக்கும் வந்துவிட்டது.

டப்.

வசீகரன் திரையை இன்னொரு தடவை பார்த்தான்.

"சொல்லுங்க! அதே எடமா?"

"வலது ஓரம், ரஞ்சி! எங்கேயோ போயிடுச்சு!"

நாலாவது குண்டு மேலே. ஐந்தாவது வட்டத்துக்குள்ளேயே விழவில்லை.

"என்னடா இது, மானம் போகுது!" ஜாஃபர் சிரித்துக்கொண்டே எழுந்து, திருகாணிகளைக் கழற்றி ஸ்கோப்பைத் தூக்கினான். திருகாணிகளெல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. ஸ்கோப்பைத் தாங்கும் இரும்புப் பிடியின் அடியில்தான் முடி கனத்துக்கு ஒரு விரிசல். "பாருங்க, ஒவ்வொரு தடவை சுடும்போதும் ஸ்கோப்பே நகருது. நாப் என்னதான் திருப்புனாலும் எப்படி நிக்கும்?"

அலமாரியிலிருந்து வேறொரு பிடி எடுத்து மாட்டினான். மனோரஞ்சிதம் உட்கார்ந்து சுட்டாள். மூன்று குண்டும் பக்கத்தில் பக்கத்தில், கொஞ்சம் இடது பக்கமாக விழுந்தன. நாலு கிளிக் திருப்பினார்கள். குண்டு நாலு கிளிக் அளவுக்கே நகர்ந்தது.

"நடு!" வசீகரன் கத்தினான். "நட்ட நடு, ரஞ்சி!"

அவள் ரைஃபிளைக் கீழே வைத்தாள். கைகளை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நடுவே சிரிக்கவும் செய்தாள்.

ஜாஃபர் பதறிப் போனான். "அக்கா, ஒரு பிடி உடைஞ்சதுக்கா இப்படி அழுவுறீங்க?"

"ஜாஃபர், பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ரெண்டு கண்ணும் போனப்பகூட நான் இப்படி அழல. கை இருக்குன்னு தைரியமா இருந்தேன். பிரெய்ல் படிக்கிறது, சமைக்கிறது, உங்க எல்லாரையும் தொட்டுத் தெரிஞ்சுக்கிறது, எல்லாம் இந்தக் கைதானே? அதுவும் போயிடுச்சோன்னு நெனச்சிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டி, ரைஃபிளை எடுத்தாள். குறியைக் கண்ணுக்குக் காட்டாமல், நடு நெருங்க நெருங்கக் காதுக்குள் சத்தத்தை உயர்த்திச் சொல்லும் அந்த ஸ்கோப் உச்சக் குரலில் கூவியதும், ஆடாத கையால் விசையை இழுத்தாள்.