சிட்டுவின் லாரிப் பயணம்

"நாளைக்கு டீச்சர்கிட்ட காட்டணும்மா. படிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லு," என்று நோட்டோடு வந்து அம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள் சிட்டு.

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பறிகொடுத்ததிலிருந்து அவளுக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தோன்றவில்லை. ரோடு போடுவது அவன் வேலை. பாலத்தைத் தாண்டிப் போகிற சாலைக்கு அப்போதுதான் புதிதாகத் தார் போட்டு முடித்திருந்தான். "அதுல ஒரு பள்ளம் காட்டுக்கா, என் பேரையே மாத்திக்கிறேன்," என்று போனில் அவன் அடித்த ஜம்பம் இன்னும் அவள் காதில் இருந்தது. அதே சாலையில்தான் எவனோ வண்டியால் அவனை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டான்.

அவனை அங்கே வரச் சொன்னதே பாவி தான்தான் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. லீவுக்குச் சிட்டு அப்பாவோடு லாரியில் போகிறாள், விடிவதற்குள் பாலம் தாண்டுவாள், நின்று ஒரு டாட்டா காட்டு என்று சொல்லியிருந்தாள். அக்கா மகள் என்றால் அவனுக்கு உயிர். போய் நின்றிருக்கிறான்.

சிட்டுவின் அப்பாவோ, தாங்கள் போகும்போது மச்சான் அங்கே இல்லவே இல்லை என்று போலீசிடம் சொல்லியிருந்தார். அடித்தவன் முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், நின்று தூக்கியிருந்தால் பிழைத்திருப்பானே என்று கேட்க வேண்டும். அம்மாவின் உயிர் அதற்காகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அவரும் சும்மா இருக்கவில்லை. அடக்கம் வரை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தார், ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். இப்போதும் கடையிலிருந்து சாப்பாடு வாங்கிவந்து தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கு நோட்டு? அம்மாவைப் படுத்தாத," என்றார்.

"படிக்கட்டும் விடுங்க."

லீவுக் கட்டுரைக்கு டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தார். கண்ணால் பார்த்ததை அப்படியே எழுத வேண்டும். அடுத்தவர் சொன்னது என்றால் யார் சொன்னார் என்பதையும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் கண்ணைத் திறந்து உலகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வார்களாம். சிட்டு சட்டத்தைவிட ஒரு பிடி கறார்.

"வண்டியில் சிமெண்ட் ஏற்றினார்கள். முதலாளி கஞ்சன், மூட்டை தூக்குகிற அண்ணன் சொன்னார். கடையில் டீ பிரமாதம், அப்பா சொன்னார். எனக்குப் பால்தான் கிடைத்தது."

அம்மாவுக்கே சிரிப்பு எட்டிப் பார்த்தது. சிரித்துவிட்டோமே என்று உடனே அழுகையும் வந்தது.

"ராத்திரி முழுக்க அப்பா ஓட்டினார். அவர் கண் மூடி மூடித் திறந்தது."

தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நமக்காகத்தானே ஓடுகிறார், பாவம் மனுஷன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

"போதும் சிட்டு. அம்மா சாப்பிடட்டும்." அப்பா நோட்டுக்குக் கை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சந்தாம்பா. மாமா ஊரு வந்துடுச்சு." சிட்டு நோட்டை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, விரலை வரி மேல் வைத்துப் படித்தாள்.

"பாலம் தாண்டியதும் மாமாவைத் தேடினேன். ஒரே இருட்டு, மாமாவைக் காணவில்லை. அப்போது வண்டி ஒரு தடவை தூக்கிப் போட்டது. பள்ளம், அப்பா சொன்னார்."