பதினோரு வருடக் கீசர்

மெக்கானிக் இல்யாஸ் கீசரைத் திறந்துவிட்டதும், அழுகிய முட்டை நாற்றத்தோடு துருவும் சேறுமாய் வாளி நிறைந்தது. வீட்டுக்கார வின்ஸ்டனுக்குக் குமட்டியது.

"பதினோரு வருசமாச்சுங்க சார். புதுசு மாட்டிப்போடலாமுங்க."

செலவென்றதும் வின்ஸ்டனுக்குக் குமட்டல் நின்றுவிட்டது. "கழுவி மாட்டுங்க, போதும். குளிக்கத்தானே, குடிக்கவா போறோம்?"

அவன் மனைவி கிளாடிஸ் இருவருக்கும் டீ கொண்டுவந்தாள். வின்ஸ்டன் நாலே மடக்கில் குடித்து முடித்தான்.

"நீங்களும் குடிங்க பாய்," என்றாள் கிளாடிஸ். "நல்லவேளை, கீசரைக் கழட்டறதுக்கு முன்னாடியே தண்ணி புடிச்சு வெச்சுட்டேன்."

"எதுக்கு?" என்றான் வின்ஸ்டன்.

"டீக்குத்தானுங்க. கேஸ் சீக்கிரம் தீருதுன்னு நீங்க கத்துவீங்கன்னு, இத்தனை வருசமா சுடுதண்ணி இதுலதானுங்க புடிக்கறேன்."

உதடு வரை போன டம்ளரை இல்யாஸ் மெல்லக் கீழே வைத்தார். வின்ஸ்டனின் டம்ளர் காலியாக இருந்தது.